எல்லாம் நார்மல்

அந்த அழகு நிலையத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. செய்கிற வேலைதான் பெயர். முடி வெட்டுகிறவள் கத்திரி, புருவம் திருத்துகிறவள் புருவம், நரைக்குச் சாயம் பூசுகிறவள் சாயம். முதலாளியம்மாவுக்கு மட்டும் வேலை என்று ஒன்றும் இல்லாததால் அவள் மேடம்.

கடை திறந்ததும் முதல் வேலை கூட்டுவதோ துடைப்பதோ இல்லை, மாத்திரை. மேடம் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து முன்னால் வைப்பாள். உள்ளே முடி வளர்வதற்கான இளஞ்சிவப்பு மாத்திரைகள். பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொன்று வாயில் போட்டு, மேடம் பார்த்துக்கொண்டிருக்க விழுங்க வேண்டும். அப்புறம்தான் விளக்குமாறு. வருகிற வாடிக்கைக்காரிகளுக்கு அதே மாத்திரை புட்டியில் விற்பனைக்கும் உண்டு.

"நம்ம தலைதான்டி நமக்கு விளம்பரம். சமையல்காரன் எலும்பும் தோலுமா நின்னா எவன் சாப்பிட வருவான்?" என்பாள் மேடம்.

இருப்பதிலேயே பெரிய விளம்பரம் கத்திரியின் தலை. வாசல் பலகையில் முதுகு காட்டிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே முடி புரள நிற்கிறவள் அவள்தான். முகம் தெரியாது. மேடத்துக்கு வேண்டியதெல்லாம் அவளுடைய பின்னந்தலை மட்டும்.

ஆனால் அது பழைய படம். இப்போது கத்திரி தலை வாரினால் சீப்பில் ஒரு கொத்து, குளித்தால் தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு கொத்து. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிறவள் தன் முடியைத் தரையிலிருந்து பொறுக்கினாள். மேடம் அதைக் கவனித்த அன்றே சட்டம் போட்டுவிட்டாள்.

"உனக்கு இனிமே ரெண்டு மாத்திரை. லீவு நாள்லயும் விட்டுடாத, வீட்டுக்கு ஒரு புட்டி எடுத்துட்டுப் போ. பலகையில இருக்கிறவ மொட்டையா நின்னா என் மானம் என்ன ஆறது?"

ரெண்டு, பிறகு மூன்றாயிற்று. முடி நிற்கவில்லை. முடி மட்டுமா? உடம்பே ஒத்துழைக்கவில்லை. காலையில் எழுந்தால் காலில் சிமெண்ட் மூட்டை கட்டின மாதிரி இருந்தது. மற்றவர்கள் வியர்த்துக் கொட்டும்போது அவள் முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு நின்றாள். குரல் கரகரத்துப்போய், கடை போனை எடுத்தால் "அண்ணே, மேடம் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். சாயம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கத்திரியும் கூடச் சிரித்து வைத்தாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும், அழுதால், "கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுத்த தலையைப் பாரு" என்பாள் மேடம்.

மாதவிலக்கு மாசக்கணக்கில் எட்டிப் பார்க்காது. வந்தால் போகாது. அதற்காகத்தான் மகப்பேறு டாக்டரம்மாவிடம் போனது. ஸ்கேனில் முட்டைப்பை இரண்டிலும் நீர்க்கட்டி. கல்யாணமாகிப் பத்து வருஷமாகிறது, குழந்தை இல்லை, நீர்க்கட்டி என்ற சொல் கிடைத்ததும் வீட்டில் வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. வெறும் வாயை மென்றவள் நாத்தனார், புருஷனுடைய அக்கா.

"கண்டதைத் தின்னுட்டு, கிடைச்ச இடத்துல சாஞ்சு கிடந்தா கட்டி வராம என்ன செய்யும்?" என்றாள். நாள் முழுக்க நின்றுகொண்டே முடி வெட்டுகிற ஒருத்தி எந்த இடத்தில் சாய்ந்து கிடந்தாள் என்று யாராவது கேட்டார்களா என்றால், இல்லை.

கேட்டிருக்க வேண்டியவன் புருஷன். ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பது அவன் தொழில். அதில் அவன் கெட்டிக்காரன், யாரும் மறுக்க முடியாது. கதவைத் திறக்காமல், பக்கத்தில் காதை வைத்தே கேஸ் போயிற்றா, கம்ப்ரசர் திணறுகிறதா என்று சொல்லிவிடுவான். ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜ் முனகினால் மண்டி போட்டுக் கேட்கிறவன், சொந்தப் பெண்டாட்டி முனகினால் "சாப்பாடு ஆச்சா?" என்பான். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டு என்றோ முடித்திருக்கலாம்.

டாக்டரம்மாவின் அறைக்கு அவன் கூடவே வந்தான். அக்கறைதான். ஆனால் அந்த அக்கறைக்கு ஒரு வாய் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"ரெண்டு மூணு வருஷமா டாக்டர்," என்றான் அவன்.

"தூக்கம் எப்படி?"

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. எழுப்பினாதான் எழுந்திருக்கிறா."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறாங்களா?"

"ஒண்ணும் கிடையாது டாக்டர்."

டாக்டரம்மாவுக்குக் கேள்விக்குப் பதில் வந்தால் போதும். பதில் யார் வாயிலிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்க வெளியே காத்திருந்த கூட்டம் விடவில்லை. கத்திரி ஒருமுறை குறுக்கே புகுந்து சொல்லிப் பார்த்தாள். "டாக்டர், வயித்துல மட்டும் இல்ல. உடம்பு முழுக்க என்னமோ ஆகுது. உள்ள யாரோ ஒவ்வொரு லைட்டா அணைச்சுக்கிட்டே போற மாதிரி இருக்கு."

நியாயமாகச் சொல்ல வேண்டும், டாக்டரம்மா உடனே தைராய்டுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னாள். மறுநாள் முடிவு வந்தது. நார்மல்.

அதோடு போயிற்று. அந்த ஒரு சொல் கத்திரியின் தலையில் ஆணியாக இறங்கியது. காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றால் "தைராய்டுதான் நார்மலாச்சே" என்றான் புருஷன். படி ஏற மூச்சு வாங்கினால் "எல்லாம் நார்மல்னு டாக்டரே சொல்லிட்டாங்க, அப்புறம் என்ன?" என்றாள் நாத்தனார். கத்திரிக்கோல் கையிலிருந்து நழுவி விழுந்தால், "உடம்புல ஒண்ணும் இல்லையாம், மனசுதான் வேலையில இல்ல" என்று வாடிக்கைக்காரிகள் காதுபடச் சொன்னாள் மேடம். சோம்பேறி என்ற சொல்லை யாரும் நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்துச் சொல்வதற்கு நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்?

நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். அரை வயிறு சாப்பிடச் சொன்னார்கள், கால் வயிறு சாப்பிட்டாள். எடை ஏறியது. "திருட்டுத்தனமா திங்கிறியா?" என்று புருஷன் விளையாட்டாகக் கேட்டான். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

கடைசியில் டாக்டரம்மா ஆபரேஷன் என்ற முடிவுக்கு வந்தாள். வயிற்றில் சின்னத் துளை போட்டு, குழாய் விட்டு, முட்டைப்பையில் அங்கங்கே சுட்டு ஓட்டை போடுவது. அப்படிச் செய்தால் சிலருக்கு முட்டை ஒழுங்காக வருமாம். புருஷன் சரி என்றான். நாத்தனார் நாள் குறித்தாள், வெள்ளிக்கிழமை. கத்திரியிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "வெள்ளிக்கிழமை உனக்கு லீவு கிடைக்குமா?" என்று கேட்டார்கள்.

அவளுக்கு ஆபரேஷன் பயம் இல்லை. அவள் பயம் வேறே. கோளாறு வேறெங்கோ இருக்கிறது, இவர்கள் வேறெங்கோ ஓட்டை போடப் போகிறார்கள், போட்ட பிறகும் அவளுக்கு முடியாமல்தான் இருக்கப் போகிறது, அப்போது இவர்கள் என்ன சொல்வார்கள்? இவ்வளவு செய்தும் திருந்தாதவள் என்பார்கள். ஒரே ஒரு ஆள், அவள் சொல்வதை நம்புகிற ஒரே ஒரு ஆள் அதற்கு முன்னால் கிடைத்துவிட வேண்டும். வேறெதையும் அவள் வேண்டவில்லை.

கடையில் புருவத்திடம் சொன்னாள். புருவத்துக்கும் நீர்க்கட்டிதான், அவளும் காலையில் கண் திறக்க முடியாமல் வருகிறவள்தான், அவளுக்கும் போன வருஷம் தைராய்டு பார்த்து நார்மல் என்று அனுப்பியிருந்தார்கள். மேடம் அவளைத் தூங்குமூஞ்சி என்றே கூப்பிடுவாள்.

"நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னாக்கூட நம்ப மாட்டாங்கக்கா," என்றாள் புருவம், பல்லில் நூலைக் கடித்தபடியே.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். சம்பிரதாயம் என்றாள் நர்ஸ். நீளமான வராந்தாவின் கோடியில் சின்ன அறை. உள்ளே வழுவழுவென்று வழுக்கைத் தலையோடு ஒருத்தர், சிடுசிடுப்பான முகம். கத்திரியும் புருஷனும் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் ஒன்றும் கேட்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கையின் தோலைத் தடவிப் பார்த்தார். ஜில்லென்று, சொரசொரவென்று இருந்தது.

"எப்பவும் இப்படித்தான் குளிருமா?"

"அது ஏசி ரூம்ல வேலை செய்யறா டாக்டர், அதனால," என்றான் புருஷன்.

டாக்டர் அவனைப் பார்க்கவில்லை. அவளை நாற்காலியில் மண்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளினது பழைய இடத்துக்கு மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்து சேர்ந்தது. இன்னொரு தட்டு. அதே சோம்பல்.

"குரல் எப்ப இருந்து இப்படி?"

"சளி பிடிச்சிருக்கும் டாக்டர்," என்றான் புருஷன்.

டாக்டர் சுத்தியலை மேஜையில் வைத்தார். "ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

"இல்ல டாக்டர், அவளுக்குச் சரியாச் சொல்லத் தெரியாது..."

"நாளைக்கு நான் தூங்க வைக்கப் போறது உங்களை இல்ல. வெளியே உட்காருங்க."

கதவு சாத்திக்கொண்டது. நர்ஸ் மட்டும் ஓரமாக நின்றாள். டாக்டர் நாற்காலியைக் கத்திரிக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா. என்ன செய்யுது?"

 தொடங்கிய பேச்சு நிற்கவில்லை. குளிர், முடி, குரல், மலச்சிக்கல், படியில் மூச்சு, பெயர்கள் மறந்துபோவது, கத்திரிக்கோல் நழுவுவது, சாப்பிடாமலே ஏறுகிற எடை எல்லாம் கொட்டினாள். அணைந்துகொண்டே போகிற லைட்டைப் பற்றியும் சொன்னாள். இந்த முறை அதைக் கேட்டவர் தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றது அத்தனையும் ஒரே இடத்தைத்தான் காட்டுது. தைராய்டு. ஆனா ரிப்போர்ட்டுல நார்மல்னு இருக்கு. எங்கேயோ உதைக்குதே," என்றார். "தினமும் என்னென்ன வாயில போடறீங்க? மருந்து, டானிக், எதுவா இருந்தாலும்."

"மருந்துன்னு ஒண்ணும் இல்ல டாக்டர். முடி மாத்திரை மட்டும்தான்."

"முடி மாத்திரையா?"

பையில் புட்டி இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். படித்துவிட்டுத் தன் வழுக்கையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இது எனக்கு வேண்டிய சமாச்சாரம். உங்களுக்கு யாரும்மா குடுத்தது? எத்தனை போடறீங்க?"

"மூணு. எங்க கடையில காலையில மேடம் முன்னாடி நின்னு விழுங்கணும்."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் காட்சியை மனசில் போட்டுப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு நிதானமாகச் சொன்னார். அந்த மாத்திரையில் பயோட்டின் என்ற விட்டமின் ஏகத்துக்கும் இருக்கிறது. உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் சில லேப்களில் தைராய்டு பார்க்கிற முறைக்குள்ளேயே அதே விட்டமினைத்தான் பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலும் அது நிறைய மிதந்தால் கணக்குத் தப்பிவிடும். ஏறிக் கிடக்கிற எண் இறங்கினதாகத் தெரியும். நோயாளி படுத்துக் கிடப்பாள், காகிதம் நார்மல் என்று சொல்லும்.

"அப்ப இந்த நீர்க்கட்டி?" என்றாள் கத்திரி.

"அது தனிக் கதை, ஆனா ஒரே குடும்பம். தைராய்டு படுத்துட்டா மாதவிலக்கு தள்ளும், எடை ஏறும், முட்டைப்பையில நீர்க்கட்டியும் தெரியலாம். நீர்க்கட்டி உள்ளவங்களுக்குத் தைராய்டு கெடறதும் மத்தவங்களை விட அதிகம். ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி. ஒருத்தி வந்தா இன்னொருத்தி வாசல்ல நிக்கிறாளான்னு எட்டிப் பார்க்கணும். உங்க டாக்டரும் பார்த்தாங்க, தப்பு சொல்ல மாட்டேன். இந்த மாத்திரை கதவை மறைச்சிருச்சு." புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு நான் மயக்கம் குடுக்க மாட்டேன். தைராய்டு இவ்வளவு படுத்திருக்கிற உடம்புக்கு மயக்க மருந்து குடுத்தா, நீங்க சீக்கிரத்துல எழுந்திருக்க மாட்டீங்க. எழுந்திருக்காமலும் போகலாம். ஒரு வாரம் இதைத் தொடாதீங்க. அப்புறம் மறுபடி ரத்தம் எடுக்கட்டும்."

நம்புகிற ஒரு ஆள் கிடைத்துவிட்டார். அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். அடிவயிற்றிலிருந்து, சூடாக, அந்தக் குளிர்ந்த உடம்பில் வெகுநாளாக இல்லாத ஒரு சூடு.

டாக்டரம்மாவின் அறையில் அது இன்னும் ஏறியது. விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேட்டேனே, வேற மருந்து ஏதாவது உண்டான்னு? நீங்கதானே இல்லைன்னீங்க?"

"முடி மாத்திரையெல்லாம் மருந்துன்னு யாருக்கு டாக்டர் தெரியும்? அது பொம்பளைங்க அழகுக்குச் சாப்பிடறது."

"என்ன சாப்பிட்டாலும் சொல்லணுமில்ல?"

"நீங்களும் முடி மாத்திரைன்னு கேட்கலையே டாக்டர்."

இருவரும் அவள் தலைக்கு மேலாகப் பந்து விளையாடினார்கள். யார் தப்பு என்பதற்குத்தான் அங்கே போட்டி. நாளைக்கு வயிற்றைத் துளைக்கக் கொடுக்க இருந்தவள் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

"டாக்டர்," என்றாள் கத்திரி. கரகரத்த குரல் அறையில் பெரிதாகக் கேட்டது. "என் முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள். புருஷன் தரையைப் பார்த்தான். 

அந்த ஒரு வாரம் கடையில் சுலபமாகப் போகவில்லை. வரிசையில் கத்திரி மாத்திரையை எடுக்காமல் நகர்ந்தபோது மேடம் ஜாடியின் மூடியைக் கையில் வைத்தபடியே கத்தினாள்.

"விட்டமின்டி அது. விட்டமின் சாப்பிட்டு எவ செத்தா?"

"சாகப் பார்த்தேன் மேடம்," என்றாள் கத்திரி. விஷயத்தைக் கத்திரியிடம் கேட்டிருந்த புருவமும் அன்றைக்குத் தன் மாத்திரையை ஜாடியிலேயே விட்டுவிட்டாள்.

ரத்தம் மறுபடி எடுத்தார்கள். இந்த முறை எண் எங்கேயோ உச்சியில் போய் நின்றது. டாக்டரம்மாவே போன் செய்து வரச் சொன்னாள். இந்த முறை கத்திரியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள், அதற்காகவே சிரமப்பட்டுப் பார்த்தாள். ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை. சில மாதம் போகட்டும், அப்புறம் நீர்க்கட்டி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம். ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம், அதையும் அப்போது பார்ப்போம்.

வீடு ஒரே நாளில் தலைகீழாக மாறியது. புருஷன் காலையில் தானே எழுந்து தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து நீட்டினான். நாத்தனார் பை நிறையப் பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பாவம், தைராய்டுன்னா அப்படித்தான் அசதி ஆளை அமுக்கும். நீ ஒண்ணும் செய்யாத, படுத்திரு. ராப்பகலா எப்படித்தான் தாங்கினியோ."

அதே வாய். கண்டதைத் தின்றுவிட்டுச் சாய்ந்து கிடக்கிறாள் என்ற அதே வாய், பல்கூட மாறவில்லை. கத்திரி பழத்தை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"அண்ணி, போன மாசமும் எனக்கு இதே அசதிதான். அப்ப ஏன் பாவம் வரலை?"

"அப்ப யாருக்கும்மா தெரியும்?" என்றாள் நாத்தனார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

"நான் சொன்னேனே அண்ணி. தினமும் சொன்னேன்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி சமாதானத்துக்கு வந்தான். "விடேன். ரிப்போர்ட் அப்படிச் சொல்லுச்சு, நாங்க என்ன செய்யறது? இப்பதான் தெரிஞ்சுடுச்சுல்ல? நல்லாப் பார்த்துக்கறோம்ல?"

"நான் ஒண்ணு சொன்னேன். காகிதம் ஒண்ணு சொல்லுச்சு. நீங்க காகிதத்தை நம்பினீங்க," என்றாள் கத்திரி. "பத்து வருஷமா உங்க பக்கத்துல படுத்திருந்தது யாருங்க, காகிதமா?"

அவன் முகம் சுண்டிப் போயிற்று. அவளுக்கு இரக்கம் வரவில்லை. இரக்கப்பட்டுவிட்டால் இந்தக் கோபம் எங்கே போய் நிற்கும்? இத்தனை வருஷமும் தன்னைத் தானே சோம்பேறி என்று நம்பத் தொடங்கியிருந்தாளே, அந்த நம்பிக்கைக்கு யார் பதில் சொல்வது? பழத்தைத் தொடாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கடையில் புருவம் காத்திருந்தாள். அவளும் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி, அதே டாக்டரம்மாவிடம் ரத்தம் கொடுத்திருந்தாள். அன்றைக்கு முடிவு. இத்தனை நாளில் அவளிடம் ஒரு துள்ளல் வந்திருந்தது. கத்திரிக்கு வந்தது தனக்கும் இருந்துவிட்டால் வீட்டில் எல்லார் வாயும் அடைபடும் என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வைத்தாள். தலை கழுவுகிற அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. கத்திரி போய்ப் பார்த்தபோது, கழுவு தொட்டி ஓரத்தில், ஈரத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நார்மலாம்க்கா. நிஜமாவே நார்மலாம்."

"அது நல்லதுதானேடி."

"என்ன நல்லது? உங்களுக்கு ஒரு வியாதி கிடைச்சுது, எல்லாரும் நம்பினாங்க. எனக்கு இனிமே என்ன இருக்கு? வீட்டுல போய் என்ன சொல்லுவேன்?" மூக்கை உறிஞ்சினாள். "தைராய்டு இருக்கணும்னு வேண்டிக்கிட்டேங்க்கா. யாராவது வியாதி வேணும்னு வேண்டுவாங்களா? நான் வேண்டினேன்."

கத்திரி ஒரு உலர்ந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். இவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு பெண்ணை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, தன் எண் உச்சிக்குப் போனதில் தானும் மகிழ்ந்தது நினைவுக்கு வந்தது. மகிழ்ந்தாள்தான். கெட்ட செய்தியைக் கேட்டு மனசு குளிர்ந்தது. அந்த வெட்கமும் இப்போது கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

மேடம் வாசலில் வந்து நின்றாள். சேதி அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது.

"இங்க பாரு, கத்திரிக்கு வியாதி, பாவம், அவளை ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவ உட்கார்ந்துக்கட்டும். உனக்கு என்னடி கேடு? எல்லாம் நார்மல்னு ரெண்டு தடவை பார்த்தாச்சு. இனிமே தூங்குமூஞ்சி வேஷம் வேணாம். எழுந்திரு, மூணு பேர் காத்திருக்காங்க."

புருவம் பழக்கத்தில் எழுந்தாள். கத்திரி அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

"மேடம், அவளுக்கு முடியலை."

"ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு அவளேதான் சொன்னா."

"ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு மேடம். அவதான் நல்லா இல்ல."

மேடத்துக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்ள அவசியமும் இல்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து கடையை மூடப் பார்க்கறீங்களா? நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க," என்றாள் கத்திரி. "பலகையில இருக்கிற என் முதுகையும் இறக்கிடுங்க. உங்க மாத்திரை தின்னு வளர்ந்த முடி இல்ல அது. அது நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்த முடி. கேட்கிற எல்லார்கிட்டயும் அதைச் சொல்லப் போறேன். ரத்தப் பரிசோதனைக்குப் போறவங்க இந்த மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லணும்னும் சொல்லுவேன்."

வெளியே காத்திருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். சாயம் குழைத்த கிண்ணத்தோடு சாயம் அப்படியே நின்றாள். மேடம் அவர்கள் பக்கம் திரும்பி, வலிய ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "வாங்க, நானே செஞ்சு விடறேன்" என்று புருவ நூலை எடுத்துக்கொண்டு போனாள்.

கத்திரி கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் புருவத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். காலில் இன்னமும் சிமெண்ட் மூட்டை இருந்தது. மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள்.

"நார்மல்னா தைராய்டு நார்மல். அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். நீர்க்கட்டி இருக்குல்ல, அதுவே ஆளை உருட்டிப் போடும். வேற ஏதாவதும் இருக்கலாம். ஒண்ணுமே இல்லைன்னாலும் உனக்கு முடியலைன்னா முடியலைதான். அதுக்கு எவ அனுமதியும் வேணாம்," என்றாள். "சொல்லு. எப்ப ஆரம்பிச்சுது?"

புருவம் அவளைப் பார்த்தாள்.  வெளியே யாரோ ஒருத்தி "ஐயோ, மெதுவாங்க" என்று அலறினாள். புருவம் திடுக்கிட்டு எழப் போனாள்.

"உட்காரு," என்றாள் கத்திரி. "அதை அவங்க பார்த்துப்பாங்க. நீ சொல்லு."